பரிசு விழுந்ததாம், காசை எங்கே எடுப்பது?

கொஞ்சக் காலமாக எமது கிராமக் கூட்டங்களில் விதைநெல், ஆட்டுக் கடன், கிணறு இறைத்தல் என்ற பேச்சுகளுக்கு நடுவே புதிய கேள்வி ஒன்றும் வந்து விழுகிறது. "லண்டன் லொத்தரில் காசு விழுந்ததாகத் தொலைபேசிக்குச் செய்தி வந்திருக்கிறது. அதை எடுக்க என்ன செய்யவேண்டும்?" கேட்பவர் சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார். கூட்டம் முடிந்தபின் ஒதுக்குப்புறமாக வந்து இன்னொரு தடவை கேட்கும்போது அந்தச் சிரிப்பு இருப்பதில்லை. "சீட்டு வாங்கினீர்களா?" என்று நாம் திருப்பிக் கேட்டால், "இல்லை, தொலைபேசி இலக்கத்துக்கு விழுந்ததாம்" என்பதே அநேகமாகப் பதில்.

வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. இந்த ஒரு வரியோடு கட்டுரையை முடித்துவிடலாம்தான். ஆனால் பொய் என்று மட்டும் சொல்லிவிட்டால், அடுத்த முறை வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வரும் அதே பொய்யை அடையாளம் காண முடியாது. உண்மையாகவே பரிசு விழுந்த ஒருவர் அந்தக் காசை எப்படிக் கையில் எடுக்கிறார் என்பது தெரிந்திருந்தால், இல்லாத பரிசைக் காட்டி அவரை ஏமாற்றுவது கடினம். ஆகவே உண்மையான பரிசிலிருந்தே தொடங்குவோம்.

நம் நாட்டுச் சீட்டு

இலங்கையில் அரசின் லொத்தர் சபைகள் இரண்டு. 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது தேசிய லொத்தர் சபை. மற்றது அபிவிருத்தி லொத்தர் சபை. சந்தியில், பஸ் நிலையத்தில், பலகையில் குத்தி விற்கும் 'சுவீப் ரிக்கற்' எல்லாம் இவ்விரண்டில் ஒன்றினுடையவை. நெடுங்காலம் 20 ரூபாவாக இருந்த சீட்டு 2023இல் 40 ரூபாவாக்கப்பட்டது. நாளுக்கு ஒன்று வாங்குபவருக்கு வருடத்தில் 14,600 ரூபா போகிறது. சீட்டு வாங்காதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பரிசு விழுந்தால் நடப்பது இதுதான். சீட்டிழுப்பு முடிந்ததும் முடிவுகள் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வரும். விற்பனை முகவரிடமும் தாள் இருக்கும். பார்க்கவேண்டியது நீங்கள். சிறிய தொகையை முகவரே அங்கேயே எண்ணித் தந்துவிடுவார். தொகை பெரிதானால் சீட்டையும் தேசிய அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு சபைக்கே போகவேண்டும். சீட்டிழுப்பு நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்காவிட்டால் பரிசு காலாவதியாகிவிடும். விபரங்கள் சீட்டின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

கடதாசிச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருடையதாகவே தோன்றும். அதனால் விழுந்தது தெரிந்தவுடன் பின்பக்கத்தில் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையொப்பமிடுங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். "நான் கொழும்புக்குப் போகிறேன், மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் மூலச் சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே கூடப் போங்கள். கூடாரத்துக்குள்ளும் தகரக் கொட்டிலுக்குள்ளும் மழைநீர் புகுவதும், கறையான் அரிப்பதும் எமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எழுத்து அழிந்த சீட்டை வைத்துக்கொண்டு வழக்குப் பேச முடியாது.

பெரிய பரிசுக்கு வரி உண்டு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் லொத்தர் வெற்றிகளையும் தொடுகிறது. இங்கே கவனிக்கவேண்டியது, அந்த வரியைக் கொடுப்பவரே கழித்துக்கொண்டு மிகுதியைத் தருகிறார் என்பதே. வென்றவர் முதலில் வரியைக் கட்டிவிட்டுப் பிறகு பரிசை எடுப்பது என்ற முறை கிடையாது. பிற நாடுகளிலும் அப்படித்தான். ஸ்பெயினில் 2013 முதல் லொத்தர் பரிசுக்கு வரி அறவிடப்படுகிறது. இப்போது 40,000 யூரோவுக்கு மேற்பட்ட பகுதிக்கு 20 சதவீதம். அதையும் பரிசிலிருந்தே கழிக்கிறார்கள். இந்தியாவில் 30 சதவீதம், அதுவும் கழிவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

'ஒன்லைன்' என்றால்

முன்பு 'ஒன்லைன் லொத்தர்' என்று சொன்னது கடையில் இருக்கும் ஒரு இயந்திரத்தை. அது தொலைபேசிக் கம்பி வழியே தலைமைக் கணினியோடு பேசும். நீங்கள் சொல்லும் எண்களை அங்கே பதிந்துவிட்டு ஒரு துண்டு அச்சடித்துத் தரும். இப்போது பல நாடுகளில் கடைக்கே போகாமல் கைத்தொலைபேசியில் வாங்கலாம். எமது நாட்டுச் சீட்டுகளையும் கைத்தொலைபேசி மூலம் வாங்கும் வழிகள் வந்துவிட்டன. அப்படி வாங்கும்போது கையில் கடதாசி இல்லை. பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமுமே சாட்சி. இடம்பெயர்ந்த குடும்பங்களில் சிம் அட்டை தம்பியின் பெயரிலோ, முன்பு இருந்த முகாமின் கடைக்காரர் பெயரிலோ இருப்பது சர்வசாதாரணம். அப்படி இருந்தால் லொத்தருக்காக மட்டுமல்ல, வங்கிச் செய்திகளுக்காகவும் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

இந்தியாவில் முகாம்களில் இருந்து திரும்பிவந்தவர்களுக்கு வேறொரு அனுபவம் இருக்கும். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லொத்தர்கள் எல்லாம் தடைசெய்யப்பட்டன. கேரள அரசின் லொத்தர் 1967இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. ஆனால் அது கடதாசிச் சீட்டாகவே விற்கப்படுகிறது. இணையவழி விற்பனை இல்லை. கேரள லொத்தரின் பெயரைச் சொல்லி வட்ஸ்அப்பில் சீட்டின் படம் அனுப்பிக் காசு கேட்பவர்களைப் பற்றி அந்த அரசே எச்சரித்திருக்கிறது.

லண்டன் காசு

இனி, கூட்டங்களில் கேட்கப்படும் லண்டன் லொத்தர். பிரித்தானியாவின் தேசிய லொத்தர் 1994 நவம்பரில் தொடங்கியது. இணையத்தில் சீட்டு வாங்க 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். அந்த நாட்டில் வசிக்கவும் வேண்டும். வென்றால் சிறிய தொகை அவருடைய லொத்தர்க் கணக்கிலேயே சேர்ந்துவிடும். பெரிய தொகையானால் அவரே தொலைபேசியில் அழைத்துத் தன்னை அடையாளம் காட்டவேண்டும். லொத்தர் நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலில் "உங்கள் சீட்டைப் பற்றி ஒரு செய்தி உண்டு, கணக்கைத் திறந்து பாருங்கள்" என்ற அளவுக்கே இருக்கும். வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இருக்கும் ஒருவருடைய தொலைபேசி இலக்கத்துக்கு அங்கே பரிசு விழ வழியே இல்லை.

கடையில் வாங்கிய கடதாசிச் சீட்டுக்கு அங்கே 180 நாள் தவணை. 2012 ஜூன் 8ஆம் திகதி நடந்த யூரோமில்லியன்ஸ் சீட்டிழுப்பில் லண்டனுக்கு வடக்கே, ஸ்டீவனேஜ், ஹிச்சின் பகுதியில் வாங்கப்பட்ட ஒரு சீட்டுக்கு 6 கோடி 38 இலட்சம் பவுண் விழுந்தது. ஊர் முழுக்க விளம்பரம் செய்தார்கள். ஒருவரும் வரவில்லை. டிசம்பரில் தவணை முடிந்தது. காசு பொது நல வேலைகளுக்குப் போய்விட்டது. அவ்வளவு பெரிய தொகைக்குச் சொந்தக்காரர் யாரென்று அவர்களுக்கே தெரியவில்லை. நீங்கள் வாங்காத சீட்டுக்கு உங்கள் பெயரையும் இலக்கத்தையும் தேடிப்பிடித்து ஒருவர் அழைக்கிறாரென்றால் யோசித்துப் பாருங்கள்.

வெல்வதற்கான வாய்ப்பையும் இடையில் சொல்லிவிடுகிறோம். அந்த நாட்டு 'லோட்டோ'வில் 59 எண்களில் ஆறைச் சரியாகச் சொல்லவேண்டும். வாய்ப்பு 4 கோடி 50 இலட்சத்துக்கு மேல் ஒன்று. ஆயிரம் நெல்மணி ஏறக்குறைய 25 கிராம் என்று எடுத்தால், அத்தனை மணியும் சேர்ந்து ஒரு தொன்னுக்கும் மேல். பதினாறு பதினேழு மூடை. அந்தக் குவியலுக்குள் ஒரேயொரு மணியில் மை தொட்டுப் போட்டுவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு கையை விடுவது போன்றது.

சீட்டு இருந்தும் கொடுக்கவில்லை

உண்மையான லொத்தர் எவ்வளவு துருவித் துருவிக் கேட்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அயோவா மாநிலத்தில் 2010 டிசம்பர் 29ஆம் திகதி நடந்த 'ஹொட் லோட்டோ' சீட்டிழுப்பில் ஒரு சீட்டுக்கு 1 கோடி 65 இலட்சம் டொலர் விழுந்தது. அதை ஒருவர் சில நாட்களுக்கு முன் ஒரு எரிபொருள் நிலையக் கடையில் வாங்கியிருந்தார். தவணை ஒரு வருடம். பதினொரு மாதமாக ஒருவரும் வரவில்லை.

2011 நவம்பரில் கனடாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சீட்டின் நீண்ட தொடரிலக்கத்தைச் சரியாகச் சொன்னார். எமது ஊரில் என்றால் அத்துடன் கையைக் குலுக்கி மாலை போட்டிருப்பார்கள். அவர்களோ, "சீட்டு வாங்கிய அன்று என்ன உடுப்புப் போட்டிருந்தீர்கள்?" என்று கேட்டார்கள். சொன்னது கடையின் கமெராவில் இருந்த ஆளுக்குப் பொருந்தவில்லை. பிறகு, வாங்கியவர் தான் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். தவணை முடிய இரண்டு மணித்தியாலம்கூட இல்லாத நேரத்தில், பெலீஸ் நாட்டில் பதிந்த ஒரு நம்பிக்கை நிதியத்தின் பெயரில், நியூயோர்க் சட்டத்தரணி ஒருவர் மூலமாக மூலச் சீட்டே வந்து சேர்ந்தது. சீட்டு உண்மையானது, எண்கள் சரி, நேரமும் தவறவில்லை. அப்படியிருந்தும் லொத்தர் நிர்வாகம் காசைக் கொடுக்கவில்லை. "இதை வாங்கியவர் யார்? அவரிடமிருந்து உங்களிடம் எப்படி வந்தது?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும் என்றது. பதில் சொல்ல மறுத்தவர்கள் 2012 ஜனவரியில் கோரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.

2014இல் கமெராப் படம் வெளியிடப்பட்டது. அதில் இருந்த குரலைக் கேட்டு உடன் வேலைசெய்தவர்களே ஆளை அடையாளம் கண்டார்கள். அவர் எடி டிப்டன். சீட்டிழுப்புக் கணினிகளை நடத்திய பல மாநில லொத்தர்ச் சங்கத்தின் கணினிப் பாதுகாப்புப் பணிப்பாளர். குறிப்பிட்ட சில நாட்களில் எந்த எண்கள் வரும் என்பதை முன்கூட்டியே அறியத்தக்க விதமாகக் கணினிக்குள் ஒரு சூத்திரத்தை ஒளித்து வைத்திருந்தார். வேறு மாநிலங்களிலும் அவருடைய ஆட்கள் காசு எடுத்திருந்தது பின்னர் தெரியவந்தது. 2017இல் 25 வருடம் வரையான சிறைத்தண்டனை கிடைத்தது. 2022இல் நிபந்தனையோடு வெளியே வந்தார். அயோவாப் பரிசு எவருக்கும் கொடுக்கப்படவில்லை.

சீட்டைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே இத்தனை கேள்வி. சீட்டே இல்லாதவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் கேட்கும் லொத்தர் எந்த ஊர் லொத்தர்?

முதலில் கொஞ்சம் கட்டுங்கள்

ஏமாற்றுக்காரர் வரும் வழி பழையது. சிறையில் கிடக்கும் ஸ்பானியப் பணக்காரனை மீட்கக் கொஞ்சம் காசு அனுப்பினால் புதையலில் பங்கு தருவதாகக் கடிதம் எழுதி ஏமாற்றியது நூறு வருடத்துக்கு முந்திய கதை. இப்போது கடிதத்துக்குப் பதிலாகக் குறுஞ்செய்தி, புதையலுக்குப் பதிலாக லொத்தர்.

முதல் அழைப்பில் காசு கேட்கமாட்டார்கள். பெயர், வயது, தொழில் கேட்பார்கள். முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்றின் படம் வரும். "பாதுகாப்புக்காக வேறு ஒருவருக்கும் சொல்லவேண்டாம்" என்பார்கள். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் 'கோப்புக் கட்டணம்' வரும். பரிசோ கோடி, கட்டணம் சில ஆயிரம். அதைக் கட்டியதும் காப்புறுதி, பிறகு வரி, பிறகு சுங்கம், பிறகு 'பயங்கரவாதத்தோடு தொடர்பில்லை' என்ற சான்றிதழ். ஒவ்வொன்றையும் கட்டியவருக்கு அடுத்ததைக் கட்டாமல் விடுவது கஷ்டம். விட்டால் கட்டியது வீணாகிவிடுமே என்ற பயம். காதிலிருந்தது அடகுக்குப் போகிறது. விதைநெல்லுக்கு வைத்திருந்தது போகிறது. நாள் வட்டிக்கு வாங்குகிறார்கள்.

எமது மக்கள் இதற்கு இலகுவில் அகப்படுவதற்குப் பேராசையைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. பத்து இருபது வருடமாக எதை எடுப்பதற்கும் ஒரு துண்டு, ஒரு பதிவு, ஒரு கையொப்பம், ஒரு படிவம் என்று வரிசையில் நின்று பழகியவர்கள் எமது மக்கள். போக 'பாஸ்' வேண்டும். வர 'பாஸ்' வேண்டும். நிவாரணத்துக்கு அட்டை வேண்டும். நட்டஈட்டுக்குப் பத்துப் பிரதி வேண்டும். இன்னொரு சான்றிதழுக்குக் கட்டணம் கேட்டால் அவர்களுக்கு அது புதினமாகத் தெரிவதில்லை. அதோடு, படித்தவர்களும் வசதியானவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த லொத்தர் அழைப்புகளை நம்பி அமெரிக்காவின் எத்தனையோ முதியவர்கள் ஓய்வூதியத்தை இழந்தார்கள். அதை அடக்க ஜமைக்கா 2013இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

சோதனை ஒன்று சொல்கிறோம். "வரியையும் கட்டணத்தையும் பரிசிலேயே கழித்துக்கொண்டு மிகுதியை அனுப்புங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான லொத்தர் அதைத்தான் எப்படியும் செய்யும். மற்றவர் அதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்.

உங்கள் வங்கிப் புத்தகம்

இதைவிட ஆபத்தான ஒன்றும் நடக்கிறது. ஏமாற்றுபவருக்குக் காசை வாங்க ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். தன் பெயரில் திறக்கமாட்டார். "உங்கள் பெயரில் கணக்குத் திறந்து ஏ.ரி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் தாருங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று வேலையில்லாத பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். "எனக்கு விழுந்த பரிசை உங்கள் கணக்கில் போடுகிறேன், எடுத்துத் தாருங்கள்" என்றும் கேட்பதுண்டு. பொலிசார் கணக்கைத் தேடிவரும்போது அங்கே இருப்பது உங்கள் பெயர். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் குற்றக் காசைக் கைமாற்றியவரும் மாட்டிக்கொள்வார். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பதை நீதிமன்றத்தில் சட்டத்தரணி வைத்துத்தான் சொல்லவேண்டிவரும். அட்டையையும், இரகசிய இலக்கத்தையும், வங்கி தொலைபேசிக்கு அனுப்பும் ஒருதடவை இலக்கத்தையும் மருமகனுக்குக்கூடக் கொடுக்கவேண்டாம்.

காசு போய்விட்டால்

வெட்கப்பட்டு மூடிவைப்பதுதான் அவர்களுக்கு வாய்ப்பு. காசு அனுப்பிய அதே மணித்தியாலத்தில் வங்கிக்கு ஓடினால் சிலவேளை மறுபக்கக் கணக்கை நிறுத்திவைக்க முடியும். அடுத்த நாள் போனால் அநேகமாக ஏ.ரி.எம்.மில் எடுத்திருப்பார்கள். போகும்போது வைப்புத் துண்டு, அனுப்பிய கணக்கு இலக்கம், அழைத்த தொலைபேசி இலக்கங்கள், வந்த செய்திகள் எல்லாம் வேண்டும். கோபத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள். "இழந்த காசை மீட்டுத் தருகிறோம், சிறிய கட்டணம்தான்" என்று பிறகு ஒருவர் அழைத்தால் அவரும் அதே கூட்டத்து ஆள்தான்.

வங்கியோடு நிற்காமல் பொலிஸ் நிலையத்துக்கும் போங்கள். ஏமாற்றுதல் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். கணினிவழிக் குற்றங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தெரியாத மொழியில் எழுதியதை வாசித்துக் காட்டி விளக்காமல் கையொப்பமிடவேண்டாம். தனியே போகத் தயங்கினால் கிராம அலுவலரையோ சங்கத்துத் தலைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே வருமுன் முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் ஒரு கடதாசியில் எழுதி வாங்குங்கள். வங்கி அடுத்ததாகக் கேட்பது அதைத்தான்.